பார்க்காமல் போட்ட டிக்

கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்த ஷாமினி, குனிந்து உற்றுப் பார்த்தாள். அய்யாவுவின் தாடிக்குள், வலது கன்னத்தில், மிளகளவு ஒரு புண். கறுத்துக் காய்ந்திருந்தது.

முகத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். இடது கன்னத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இன்னொன்று.

அய்யாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். மயக்கத்தில் ஐந்து மணி நேரம் குப்புறக் கிடந்தவரை இப்போதுதான் ரிகவரி அறைக்குக் கொண்டுவந்து, வாயிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்திருந்தார்கள். குழாய் நகராமலிருக்க பிளாஸ்டர் ஒட்டுவதுதான் வழக்கம். தாடியில் அது நிற்காது என்று டாக்டர் பட்டையால் கட்டச் சொல்லிவிட்டார்.

அரை மணிக்கொரு தரம் குனிந்து, பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் தளர்த்திவிட்டு, தாளில் டிக் போட வேண்டியது நர்ஸ் ஷாமினியின் வேலை. தாளில் பத்து டிக்கும் இருந்தது.

ஆனால் நான்காவது தடவை அவள் பார்க்கவில்லை. திடீரென்று ரத்தம் அதிகமாகப் போக, ரத்தப் பை எடுக்க ஓடினாள். திரும்பி வந்து, பார்த்த மாதிரியே ஒரு டிக் போட்டு வைத்தாள். ஒரு டிக்தானே என்று அப்போது தோன்றியது.

காலையில் அய்யாவுவின் மனைவி புஷ்பவல்லி இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"மிஸ்ஸி, இவருக்கு சுகர். ஒரு கீறல் பட்டாலும் ஆறாது, கால் விரல் ஒன்னு எடுத்தாச்சு. வீட்டுல கத்தியக்கூட தொட விடமாட்டேன். போன வாரம் லீவு நாள்லகூட போர்ட் கிள்ளான்ல டபுள் ஷிஃப்ட் பாத்த மனுஷன் லா. பத்திரமா பாத்துக்குங்க."

பத்திரமாகப் பார்த்த லட்சணம்தான் இரண்டு கன்னத்திலும் இருந்தது. இது ஆறாமல் அழுகிப்போனால்?

மறைத்துவிடலாமா? தாடி இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? இப்படியும் தனக்குத் தோன்றுகிறதே என்று இன்னும் பயந்துபோய், தலைமை நர்ஸ் சிஸ்டர் மீனலோசனியைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், ரெண்டு பக்கமும் பட்டை அழுத்திப் புண்ணாயிருச்சு. நான் ஒரு செக் மிஸ் பண்ணிட்டேன். பாக்காமலேயே டிக் போட்டுட்டேன்."

மீனலோசனி புண்ணைவிடத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"பாக்காம டிக் போட்டியா? ஒன்பது வருஷ சர்வீஸ்ல இதத்தான் கத்துக்கிட்டியா?"

"வேலை போயிருமா சிஸ்டர்?"

"உன் வேலைய அப்புறம் பாக்கலாம். சுகர் பேஷன்ட், மறைக்க முடியாது. ஃபேமிலிகிட்ட சொல்லித்தான் ஆகணும். நீயே போய் அவங்க ஒய்ஃப கூட்டிட்டு வா."

ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

பின்னாலிருந்து யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். அய்யாவு. கண் பாதிதான் திறந்திருந்தது. ஆனால் அந்தப் பாதிக் கண்ணில் ஷாமினியைவிட அதிகப் பயம் தெரிந்தது.

குழாய் எடுத்த தொண்டை கரகரக்க, அவர் கெஞ்சினார்.

"அவள கூப்பிடாதம்மா... டபுள் ஷிஃப்ட்னு சொல்லிட்டு திருட்டுத்தனமா போயி அலகு குத்திக்கிட்டது தெரிஞ்சா கொன்னுருவா!"