இன்னும் கொஞ்சம் சிவப்பு

“இது இன்னா கலரு?”

“சிவப்பு சார்.”

“செவப்பா? பத்தல நைனா. இன்னும் கொஞ்சம் ஏத்து.”

நேற்று இதே இருதயராஜ்தான், “செவப்பு வாணாம், ரத்தக் களரியா இருக்கும், கஸ்டமர் தெறிச்சு ஓடிடுவான்” என்று சொல்லிப் பச்சை போடச் சொன்னார். போட்டேன். இன்றைக்குப் பச்சை ராசியில்லையாம்.

பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். போல்ட், நட்டு, புஷ். அதுக்கு ஒரு வெப்சைட். மொத்தமே ஐந்து பக்கம். மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஆறு வாரமாகக் கலர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி, “இது இன்னா கலரு?” என்பார். நான் பேரைச் சொன்னதும் வேண்டாம் என்பார். இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது.

“சார், இது ரெண்டு நிமிஷ வேலை. நான் எங்கிருந்தாவது மாத்திட்டு லிங்க் அனுப்பிடறேனே?”

“அதெல்லாம் ஆவாது. எங் கண்ணு முன்னாடி பண்ணணும். காலைல ஒன்பதரைக்கு வா, சாயங்காலம் ஆறுக்குப் போ. இன்னா, கசக்குதா?”

கசக்கத்தான் செய்தது. ஆனால் எதிர்த்துப் பேசும் நிலைமையில் நான் இல்லை.

எனக்கு வேலை போய் ரெண்டு மாசம். ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் கம்பெனியில் பதினோரு பேரை ரூமுக்குள் கூப்பிட்டு, மூன்று மாசச் சம்பளத்தையும் ஒரு பல்லிளிப்பையும் கொடுத்து, ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. மனைவி ரேவதிக்கு ஏழாவது மாசம். ஏற்கெனவே பிரஷர். கொஞ்சம்கூட டென்ஷன் கூடாது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார். அதனால் கார்டு இல்லாத வெறும் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, நுனியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ரேவதி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு தினமும் கள்ளிக்குப்பத்திலிருந்து ஆபீஸுக்குக் கிளம்புவேன். இல்லாத ஆபீஸுக்கு.

அப்படிப் பாடி பஸ் ஸ்டாப்பில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் இந்த மனுஷன் வந்து மாட்டினார்.

“கம்ப்யூட்டர் ஆளா நீ? நம்ம பட்டறைக்கு வெப்சைட் போட்டுத் தர்றியா?”

“ஆபீஸ் வேலையே தலைக்கு மேல கெடக்கு சார். எங்க உக்காந்தும் பாக்கலாம்கறதால பரவால்ல, உங்களுக்காக நடுநடுவுல பண்ணித் தரேன்” என்று பந்தா விட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது. எனக்கென்று ஒரு டேபிள், ஃபேன், பதினோரு மணி டீ எல்லாம் கொடுத்தார். ஆனால் ரசனை? அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காத ஆள். அம்பத்தஞ்சு வயசாகிறது, ஒரு மொபட் ஓட்டத் துப்பில்லை. பில் போடும் சபீனாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குவார். இவர் எனக்குக் கலர் பாடம் எடுப்பார்! தலையெழுத்து.

அந்தச் சிவப்புக்கு மறுநாள், வியாழக்கிழமை, எனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. இதை விட்டால் ரேவதியின் பிரசவத்துக்குள் வேறு எதுவும் கிடைக்காது.

“சார், பதினோரு மணிக்கு ஒரு முக்கியமான மீட்டிங். இன்னிக்கு மட்டும் வெளிய போயிட்டு வரேன்.”

“எங்கயும் போவாத. இங்கியே குந்திப் பேசு. செவப்பு இன்னிக்கு முடிஞ்சாவணும்.”

மூன்று லேத் ஓடுகிற இடத்தில் இன்டர்வியூவா! மனசுக்குள் அவரை எந்தெந்த வார்த்தையில் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

ஆனால் பதினோரு மணிக்கு மூன்று லேத்தும் ஒரே சமயத்தில் நின்றன.

“கரண்ட் போச்சு” என்றாள் சபீனா.

அடிச்சுது லக்கு! ஃபேன் காற்றில் ஜம்மென்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன்.

திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்துவிட்டது. முதல் வேலையாக இந்த மனுஷனிடமிருந்து விடுதலை வாங்கப் பட்டறைக்குப் போனேன்.

“சார், நான் வேற கம்பெனிக்கு மாறுறேன். நாளையிலேர்ந்து வர முடியாது. ஒரே ஒரு கலர் சொல்லுங்க. சொன்னப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“வேலை கெடச்சிடுச்சா?” அவர் முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப இத்தையே போட்டுடு. மொத நாளே நல்லாத்தான் இருந்திச்சி.”

“கெடச்சிடுச்சாவா? சார், நான் ஆபீஸ்லதானே...”

“அட, வுடு நைனா. மூணு நாளு ஸ்டாப்பிங்ல குந்திகினு இருந்த. ஒரு பஸ்லயும் ஏறல. கழுத்துல கயிறு கீது, கார்டக் காணோம். ஊட்ல சொல்லலன்னு புரிஞ்சிபோச்சு. சும்மா வந்து குந்துன்னா வருவியா நீ? ரோசக்காரன்.”

கரண்ட் போன பட்டறையில் ஃபேன் மட்டும் எப்படி ஓடியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சபீனாவைப் பார்த்தேன். அவள் பில் புக்கால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வாரமாகத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து அவமானமாக இருந்தது.

“அப்ப... அந்தக் கலரெல்லாம் சார்?”

“அத்த ஏன் கேக்கற? பஸ் டிரைவர் வேலைக்குப் போயி கண்ணு டெஸ்ட்லயே தொரத்தி வுட்டவன் நானு. எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான் நைனா.”