மேகத்துக்கு வைத்த பச்சைப் பை

எட்டு நாற்பதுக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். எட்டு நாற்பத்தொன்றுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை.

கதவு என்னவோ திறந்துதான் இருந்தது. கணினிகள்தான் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்டன.

பதிவு செய்த கருவிகள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று புது விதி போட்டிருந்தேன். கருவிகளைப் பதிவு செய்ய மறந்திருந்தேன். என் கணினியும் அதில் சேர்த்தி. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான்.

தைச்சுங் துறைமுகத்தில் எங்கள் சைக்கிள் பாகங்கள் இரண்டு கன்டெய்னரில் நின்றன. பத்து மணிக்குள் காகிதம் போகாவிட்டால் கப்பல் நிற்காது. என் வேலையும் நிற்காது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள், இது கடைசி வாரம்.

"பெய்-ஜென்! என்னம்மா பண்ணி வெச்சே?" துறைத் தலைவர் யாவ், பாதி தின்ற முட்டை ரொட்டியோடு வந்து நின்றார்.

"அஞ்சு நிமிஷம் சார், திறந்துடும்" என்றேன். பச்சைப் பொய்.

எந்த விதியும் தொடாத அவசரக் கணக்கு ஒன்று உண்டு. அதன் கடவுச்சொல் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாள் எங்கே என்பது, எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஷியாங்குக்குத்தான் தெரியும். மூன்று மாதம் முன்பு ஒசாகாவுக்கு வேலை மாறிப் போய்விட்டான்.

நல்லவேளை, போனை எடுத்தான்.

"மெஷின் ரூம்ல சமர்த்துப் பை இருக்கும் பாரு, அதுக்குள்ள. பின்னாடி கீறி, கவரை உள்ள விட்டு ஒட்டியிருக்கேன். நம்ம ஊர்ல அத எவன் தொடுவான்?"

வாஸ்தவம். ‘சமர்த்து’ என்று பெயர் போட்ட அந்தத் தேங்காய் நொறுக்குத் தீனிப் பையை மெஷின் தலையில் வைத்தால், மெஷின் படுத்தாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பச்சை நிறப் பைதான் வைக்க வேண்டும். தேதி முடிந்திருக்கக் கூடாது. தின்னவே கூடாது. படித்த எஞ்சினியர்கள்தான் இதில் ரொம்பக் கறார்.

ஓடினேன். மெஷின் அறையில் மெஷினே இல்லை. இரண்டு மாதம் முன்புதான் எல்லாவற்றையும் மேகக் கணினிக்கு மாற்றிவிட்டுப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தோம். இப்போது அங்கே குடைகளும் உடைந்த நாற்காலிகளும்தான். ஆ-லுவான் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க ஒரு பச்சைப் பை இருந்துச்சே?"

"மெஷின் இல்லாத ரூம்ல அதுக்கு என்ன வேல? எல்லாம் மேகத்துக்குப் போயிடுச்சுன்னு நீங்கதானே மீட்டிங் போட்டுச் சொன்னீங்க? அதான் மொட்டைமாடில வெச்சுட்டேன்."

நான்கு மாடி. மூச்சு முட்டியது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மழை படாமல் கவிழ்த்த பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது பை. சிரிப்பு வந்தது. தேதியைப் பார்த்ததும் அழுகை வந்தது. அடுத்த ஏப்ரல் வரை நன்றாயிருக்கும் புத்தம்புதுப் பை. அப்படியானால் பழசு குப்பைக்குப் போய்விட்டது.

போச்சு, எல்லாம் போச்சு என்று பையைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு டேப் ஒட்டியிருந்தது. கிழித்தேன். நொறுக்குத் தீனிக்கு நடுவே சிவப்பு உறை.

உறைக்குள் தாள், தாளில் முப்பத்திரண்டு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி. கீழே ஓடிவந்து, என் கணினியில் ஒற்றை விரலால் தட்டினேன். யாவ் என் தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே விட்டது.

விதியை நீக்கினேன். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து யாரோ "வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். ஒன்பதரைக்குத் துறைமுகத்துக்குக் காகிதம் போனது. அப்பாடா! "இனிமே பொத்தான அமுக்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளு" என்ற யாவ், மிச்ச ரொட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வேலை போகவில்லை.

ரொட்டியைத் தின்றுகொண்டே அந்தத் தாளை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கோயிலில் கொடுக்கும் நாள்காட்டியில் கிழித்த தாள். முன்பக்கம் போன மாதத்துத் தேதி. ஷியாங் எழுதினால் கோழி கிண்டியது மாதிரி இருக்கும். இதில் ஒவ்வொரு எழுத்தும் கோலம் போட்டது மாதிரி நின்றது.

எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"அதுவா? தேதி முடியப் போகுதேன்னு பைய மாத்துனேன். உள்ள இருந்த மந்திரத் தாளு எண்ணெ ஊறி நைஞ்சு கெடந்துச்சு. அதான் பார்த்து எழுதி வெச்சேன். மூணு தடவ சரிபார்த்தேன் கண்ணு. ஒரு எழுத்து பிசகுனாலும் பலிக்காதே!"

"பலிச்சிடுச்சு அக்கா" என்றேன்.

ஒருமுறை பயன்படுத்தினால் கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். மாற்றினேன். புதுத் தாளை உறையில் போட்டு அக்காவின் கையிலேயே கொடுத்தேன்.

பிறகு இடத்துக்கு வந்து, கணினிக்குள் வர அனுமதி உள்ளவர்களின் பட்டியலைத் திறந்து, ஆ-லுவான் அக்காவின் பெயரைச் சேர்த்தேன். போன மாதம் தேவையில்லாத பெயர்களை நீக்கச் சொன்னபோது, நான் முதலில் நீக்கியது அதைத்தான்.