சோதனை நோயாளி

சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்காகக் கடலூர் ஆபீசில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் ரிசப்ஷனுக்கு ஒரு ஜன்னல், டாக்டருக்கு ஒரு ஜன்னல். இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆப்ஜெக்ட், அதாவது நோயாளியின் ஒரே பதிவு. ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறும். சோதனை நோயாளிக்கு, தினமும் என்னைத் திட்டும் மேனேஜர் ராஜமாணிக்கத்தின் பெயரை வைத்தேன். 'வலது கை' என்ற கட்டத்தில் விளையாட்டாக 'இல்லை' என்று அடித்தேன்.

மறுநாள் அவருடைய வலது சட்டைக்கை வெறுமனே தொங்கியது.

"என்னய்யா மொறைக்கிற? பொறந்ததுலேர்ந்து இப்டித்தான். வேலயப் பாரு, தண்டச்சோறு!"

திருத்தத்தான் ஜன்னலைத் திறந்தேன். அவர் திட்டுவதை நிறுத்தவில்லை. 'பேச்சு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தேன்.

வாய் மட்டும் அசைந்தது.

"பொறவி ஊமை. ஆனா கோவம் மட்டும் ஜாஸ்தி" என்றாள் பக்கத்து சீட் ரோசி, நிமிராமல்.

அடுத்த கட்டம் 'மூச்சு'. கர்சர் அதில் மினுக்கிக்கொண்டிருந்தது.