முப்பதைத் தாண்டாத கார்

"அத்தை, தூங்காதீங்க. ஏரி வருது, பாருங்க."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை இப்படி எழுப்புவது இது நான்காவது முறை. பின் சீட்டில் தலை சாய்த்திருந்த மாமியார் சலிப்போடு கண்ணைத் திறந்தார்.

"அரை மணி நேரமா அதே ஏரிதான் வருது மாப்ள. கொஞ்சம் அழுத்துங்க. இப்ப ஒரு டிராக்டர்கூட நம்மளை முந்திட்டுப் போச்சு."

கல்யாணமாகி இரண்டு மாதம். பெண்ணைக் கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். மலை, ஏரி, அரண்மனை, கடைசியாகக் கோட்டை என்று மாமியார் பட்டியலே போட்டிருந்தார். கோட்டையை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். மணி நாலேகால், வண்டியோ முப்பதைத் தாண்டவில்லை.

"டூரிஸ்ட் வேன் ஓட்டறவர்னு சொன்னாங்க. இப்படி ஓட்டினா எந்த டூரிஸ்ட் ரெண்டாவது தடவை வருவான்?"

முன் சீட்டில் இருந்த மாமனார் திரும்பி, "ஜன்னலை ஏத்து, தூசி வருது" என்று மனைவியை அதட்டினார்.

மாமியார் சொன்னது உண்மைதான். அவன் வண்டியில் வந்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை வந்ததில்லை. அவன் ஓட்டியது அமரர் ஊர்தி.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இங்கே சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதையும் தரகர் சொன்னார், இவன் மறுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பின்னால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் மட்டும் கல்யாணமான மூன்றாம் நாளே உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் அவன் சட்டையை எல்லாம் எடுத்து மறுபடி துவைத்துப் போட்டாள். அப்புறம், "நல்ல வேலைதானே, விடுங்க. ஆனா எங்கப்பா காதுக்குப் போச்சுன்னா என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவார்" என்றாள்.

மாமனார் அப்படிப்பட்ட ஆள்தான். ஆலையில் முப்பது வருஷம் சரக்கில் குறை கண்டுபிடிக்கிற வேலை. சம்பந்தி வீட்டில் போட்ட நாற்காலியையே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர். அவர் பக்கத்தில் காலையிலிருந்து முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது மாப்பிள்ளைக்கு.

பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஹாரனுக்குக் கையே போகவில்லை, ஆக்சிலேட்டரில் கால் அழுந்த மறுத்தது. அழுகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் வேலையில் அவன் பின்னால் பார்ப்பதே இல்லை. இன்றைக்கோ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான், சொந்த மனுஷர்கள் கண் மூடிக் கிடந்தால் அவனுக்குத் தாங்கவில்லை.

"உங்க வேன்ல எத்தனை பேர் போகலாம் மாப்ள?" மாமியார் விடுவதாக இல்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள், "அந்தத் தண்ணி பாட்டிலை எடு. வந்ததுலேர்ந்து தொணதொணன்னு" என்றார் மாமனார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கோட்டை இருந்த ஊருக்குள் நுழையும்போது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். கல் பாவிய குறுகலான தெரு, இரண்டு பக்கமும் பழைய மாடி வீடுகள். பின்னால் அம்மாவும் பெண்ணும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். வண்டிக்குள் பேச்சு நின்றதும் மாப்பிள்ளையின் கை, அதுவாகவே அதன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

கோட்டை வாசலில் வண்டியை அலுங்காமல் நிறுத்தினான். இறங்கி, தலையில் இருந்த வெயில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கிக் கை கட்டித் தலை குனிந்து நின்றான்.

விழித்துக்கொண்ட மாமியார் எட்டிப் பார்த்தார். "மாப்ள, நாங்க இந்தக் கதவு வழியாத்தான் இறங்குவோம். அங்க யாரு இருக்கா?"

டிக்கியில் இரண்டு பையும் ஒரு குடையும் இருந்தன. அவன் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. செய்த காரியம் அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

மாமனார் மெல்ல இறங்கி வந்தார். "நீங்க ரெண்டு பேரும் போய் டிக்கெட் வாங்குங்க. கேட்டை மூடிடப் போறாங்க" என்றார். மனைவி நகராமல் நின்றாள். அவர் ஒரு பார்வை பார்த்தார், அம்மாவை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மாமா" என்றான் மாப்பிள்ளை. "நான் ஓட்டறது டூரிஸ்ட் வேன் இல்ல. அமரர் ஊர்தி. மறைச்சது தப்புதான். எவ்வளவு வேணா திட்டுங்க, ஆனா அவளை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

மாமனார் அவன் திறந்து வைத்த டிக்கியைத் தானே மூடினார்.

"போன வருஷம் எங்க அம்மா தவறினப்போ உங்க வண்டிதான் வந்துச்சு. ரோடு பூரா குண்டும் குழியும். நான் பின்னால அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துக்கிட்டு வந்தேன். கடைசி வரைக்கும் அவங்க தலை ஒரு தடவைகூட ஆடலை."

மாப்பிள்ளை நிமிர்ந்தான். எவ்வளவு யோசித்தும் அன்றைக்கு வண்டியில் வந்த மாமனாரின் முகம் அவன் நினைவில் இல்லை.

"அப்ப, தரகர்..."

"உங்க அத்தை அந்த வண்டியைத் தெருவுல பாத்தாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டா. டூரிஸ்ட் வேன்னு சொல்லச் சொன்னதே நான்தான் மாப்ள."