பூட்டிட்டு அமுக்கினா...

"ஏம்மா, அந்த ஃபைல் இன்னுமா போகல?"

முதல்வர் கந்தப்பன் போட்ட சத்தத்தில் பாலிடெக்னிக் அலுவலகமே நிமிர்ந்தது.

"ஏறிட்டே இருக்குதுங்க ஐயா. பன்னெண்டு சதவீதம்" என்றாள் கிளார்க் தனப்பிரியா.

வருகை குறைந்தவர்களின் பட்டியலும் வருகைப் பதிவேட்டின் ஸ்கேனும் ஐந்து மணிக்குள் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பட்டியலில் பேர் இருந்தால் பரீட்சை எழுத முடியாது.

லேப் டெக்னீஷியன் சண்முகவேல் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெருசா இருக்குதே, ஜிப் பண்ணி அமுக்கலையா?"

"பண்ணுனேனுங்க. முதல்ல பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிட்டு, அப்புறம் ஜிப் பண்ணுனேன். துளிகூடக் குறையலீங்க."

சண்முகவேல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எப்படிங்க குறையும்? பக்கம் பூரா ஒரே வெள்ளை. ஒரே மாதிரி இருக்கறதாலதான் அது அமுங்கும். பூட்டிட்டா எல்லாம் கலைஞ்சு கண்டபடி ஆயிருமே! முதல்ல அமுக்கோணும், அப்புறம் பூட்டோணும். நகருங்க, நான் ரெண்டே நிமிசத்துல..."

"வேண்டாம்! ஏறுனது ஏறட்டும். நிறுத்தாதீங்க" என்று கந்தப்பன் தடுத்தார்.

'இந்த ஆபீசுல ஒருத்தருக்காவது கம்ப்யூட்டர் தெரியுதா' என்று முனகிக்கொண்டே சண்முகவேல் போய்விட்டார்.

சென்னையிலிருந்து போன் வந்தது.

"அனுப்பிட்டே இருக்கோமுங்க சார். எனக்கு வாய்ச்ச கிளார்க்கு அப்படி! பூட்டிட்டு அமுக்கறாளாமா!" கந்தப்பன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

தனப்பிரியா குனிந்த தலை நிமிராமல் ஓரக்கண்ணால் வாசலையே பார்த்தாள்.

நாலு ஐம்பதுக்கு மஞ்சுளா மூச்சு வாங்க ஓடி வந்தாள். டெங்குவில் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்த மாணவி. கையில் மருத்துவச் சான்றிதழ்.

"போன்லயே சொன்னேனுங்களே மேடம், மல்லூர்ல பஸ் பஞ்சரு. பேரு போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல. கொடு சாமி."

கந்தப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தனப்பிரியா ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். பட்டியலிலிருந்து மஞ்சுளாவின் பேரை எடுத்தாள். முதலில் அமுக்கி, பிறகு பூட்டி அனுப்பினாள். இரண்டே நிமிடம்.

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"மன்னிச்சுருங்க ஐயா. எதை முதல்ல பண்ணோணும்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுதுங்க."

"அப்படியா?" கந்தப்பன் குரலைத் தாழ்த்தினார். "இன்டர்வியூவுல உன்கிட்ட நான் கேட்ட கேள்வியே அதுதானேம்மா. சரியா சொன்னதாலதானே வேலையே கொடுத்தேன்!"