திமிங்கிலம் பார்க்கும் படலம்

"திமிங்கிலம் பாக்கப் போறதுக்கு எதுக்கும்மா மைசூர் சில்க்?"

காரை ஓட்டிக்கொண்டே கேட்டான் ஆட்ரியன். பக்கத்து சீட்டில் ஜெயலீலா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கடல்ல குளிர் காத்து அடிக்கும்டா. சில்க்னா கதகதப்பா இருக்கும்."

அந்தப் பதிலிலேயே ஆட்ரியனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா இறந்த பிறகு டெக்சாஸில் தனியாக இருக்கும் அம்மா, நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு கலிபோர்னியா வந்து, மான்ட்டரேயில் படகுக்குத் தானே டிக்கெட்டும் எடுக்கிறாள் என்றால் அது திமிங்கிலத்துக்காக இருக்க முடியாது. போன தடவை வந்தபோது காஸ்ட்கோ கடையில் 'தற்செயலாக' ஒரு பெண் வீட்டார் எதிர்ப்பட்டார்கள். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் பாட்லக் விருந்தில் ஒரு குடும்பம். இரண்டு தடவையும் எப்படியோ நழுவிவிட்டான். அரை நாள் நடுக்கடலில் நிறுத்தி வைத்தால் எங்கே நழுவுவது?

"ஆட்ரியன்... உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இன்னிக்கு படகுக்கு..."

"யாரோ வராங்க. அதானே? தெரியும்மா."

"தெரியுமா?" ஜெயலீலாவின் முகம் சிவந்துவிட்டது. "யாருடா சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே."

"உனக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?"

"முதல்ல பாக்கறேன். பாத்துட்டு பதில் சொல்றேன்."

அம்மா அப்பாடா என்று சீட்டில் சாய்ந்துகொண்டாள். அவனுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். அவன் வேண்டாம் என்றால் அம்மா அழுவாள். அந்தப் பெண்ணே அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழி அவன் மேல் வராது.

எதிர்பார்த்தது போலவே படகுத் துறையில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையில் ஓர் அங்கிள் நின்றார். கூடவே ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக ஓர் இளம் பெண்.

"இவர் மோசஸ் அங்கிள், நியூ ஜெர்ஸி. எங்க ஸூம் ஜெபக் கூட்டத்துல பாட்டு பாடுவார்னு சொல்வேனே, அவர்தான். இது அவர் பொண்ணு ஜெபினா. இங்க சான் ஹோசேலதான் வேலை."

படகு துறையைத் தாண்டியதுமே ஆட ஆரம்பித்தது. ஜெயலீலா கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, மோசஸிடம் நீட்டினாள்.

"மோந்துகிட்டே இருங்க. குமட்டாது."

பெற்ற மகனுக்குப் பழம் கிடையாது. அதற்குள் சம்பந்தி உபசாரமா என்று ஆட்ரியன் பல்லைக் கடித்தான். பெரியவர்கள் இருவரும் மெல்ல நகர்ந்து படகின் முன்பக்கம் போய்விட்டார்கள். சின்னஞ்சிறுசுகளைத் தனியாகப் பேச விடுகிறார்களாம்!

ஜெபினா வளவளக்கவில்லை.

"ஸ்ட்ரெய்ட்டா கேக்கறேனே. ஆன்ட்டி எப்படி? கோவம் வருமா?"

எடுத்த எடுப்பிலேயே மாமியாரைப் பற்றிய விசாரணை! ஆட்ரியனுக்கு வழி தெரிந்துவிட்டது.

"வருமாவா? வந்தா தட்டு பறக்கும்."

ஜெபினாவின் கண்கள் விரிந்தன. "சமையல்?"

"அவங்க வேலை பாக்கற ஆஸ்பத்திரி கேன்டீனே தேவலை."

"கூட இருக்கறவங்களை ரொம்ப கண்ட்ரோல் பண்ணுவாங்களோ?"

"வீட்ல ஹீட்டர் தெர்மோஸ்டாட்டைத் தொட்டுப் பாருங்க, தெரியும். ஒரு வாரம் பேச மாட்டாங்க."

அத்தனையும் பச்சைப் பொய். ஜெயலீலாவுக்கு அதிர்ந்து பேசவே தெரியாது. அவள் வைக்கும் மீன் குழம்புக்காகவே அவள் ஊரான காப்பெலில் பாதி சபை அவள் வீட்டில் கூடும். கர்த்தரே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஜெபினா தேங்க்ஸ் சொல்லிவிட்டு, கவலையோடு அப்பாவைத் தேடிப் போனாள்.

அப்போதுதான் மைக்கில் கேப்டன் கத்தினார். வலப்பக்கம் கடல் பிளந்து, ஒரு திமிங்கிலம் முழு உடம்போடு எழும்பி, தொம்மென்று விழுந்தது. படகே கூச்சலிட்டது. ஜெயலீலா பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டு, மைசூர் சில்க் பறப்பதைக் கூடக் கவனிக்காமல், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! ஆட்ரியன் அந்தத் திமிங்கிலத்துக்கு மனதார நன்றி சொன்னான்.

படகு கரைக்குத் திரும்பும்போது ஜெபினா மறுபடி வந்தாள்.

"ஓப்பனா சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இது சரியா வரும்னு தோணல."

ஆட்ரியனுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"சேச்சே, இதுல என்ன இருக்கு? உங்க முடிவை நான் மதிக்கறேன்."

"என் முடிவு எங்க எடுபடுது? நீங்க சொன்னதை எல்லாம் அப்பாகிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். கேக்கவே மாட்டேங்கறார். தட்டு பறந்தா ஹெல்மெட் போட்டுக்கறாராம்."

"உங்கப்பா எதுக்கு ஹெல்மெட் போடணும்?"

ஜெபினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்ன, ஆன்ட்டியைக் கட்டிக்கப் போறது அவர்தானே? கார்லயே உங்ககிட்ட சொல்லியாச்சு, நீங்க பாத்துட்டு பதில் சொல்றேன்னீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்களே!"