வெள்ளி ரூபாயில் ஒரு ரேகை

ஏழு வருடங்களுக்கு முன் கணவர் மாடிப்படியில் விழுந்து இறந்த நாளிலிருந்து பூட்டியே கிடந்த பெட்டியைக் கமலவேணி திறந்து காட்டினாள். பளீரென்றிருந்த வெள்ளி ரூபாயில் நீலக்கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பியிருந்தது.

"அவர் இறந்த அன்னிக்குக் காலையிலதான் இது தபால்ல வந்துது. கையுறை போடாமத் தொடவே மாட்டார்" என்றாள்.

நாணய வியாபாரி குணசீலன் குனிந்து பார்த்தான். வெறுங்கை பட்ட வெள்ளி வருடங்கள் கழித்துத்தான் கறுக்கும். அன்று அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்று அவன் போலீசிடம் சொல்லியிருந்தான்.

"சும்மா கறுத்திருந்தா சிலர் ஆசையா வாங்குவாங்க. ரேகை விழுந்ததை யாரும் சீண்ட மாட்டாங்க. குடுங்க, கழுவித் தர்றேன்."

அவள் பெட்டியை மூடினாள். "கழுவினா மதிப்பே போயிடும்னு அவருக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

மேஜைமேல் ஊன்றியிருந்த கட்டைவிரலை அவன் மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கினான். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.